பொங்கியண்ணனுக்கு வால் முளைத்த பிறகு

மகளுடைய காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைக்கு எடுத்த பாத்திரங்களைக் கழுவித் திருப்பி அனுப்பிய அந்த வாரத்தில்தான் தறிக்கார பொங்கியண்ணனுக்கு வால் முளைத்தது. விடிந்ததும் காப்பித் தம்ளரோடு உள்ளே போன மயிலாத்தாள், கட்டிலில் குப்புறப் படுத்திருந்த புருசனுடைய வேட்டிக்கு வெளியே, உடும்பின் வாலைப்போலப் பச்சையும் சாம்பலுமாக ஒன்று கிடந்து, இடமும் வலமும் சோம்பலாக அசைவதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, காப்பி ஆறிவிடுமே என்று அதை முக்காலியில் வைத்து, "ஏனுங்க, எந்திரிங்க" என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினாள். அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. இன்னும் முன்னமே வந்திருக்க வேண்டியது, வழியில் எங்கோ தங்கிவிட்டுத் தாமதமாக வந்திருக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டாள்.

செம்மாண்டம்பாளையத்துக்கும் ஆச்சரியமாக இல்லை. இரவும் பகலும் விசைத்தறி சடசடக்கிற ஊர் அது. பக்கத்தில் நிற்கிறவன் பேசினால்கூட உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வார்கள். எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ள நேரமில்லாத ஊர். வைத்தியர் வாலைத் தூக்கிப் பார்த்து, "சக்கரை இருக்குதில்லீங்களா, சில பேருக்கு இப்படி ஆகறதுண்டு" என்று சொல்லி, அரிசிச் சோற்றைக் குறைக்கச் சொன்னார். அடுத்த மாதம் கடைவாயோரம் இரண்டு கோரைப்பற்கள் கீழிருந்து மேலாக வளைந்து வந்தபோது, முடிதிருத்தகம் குழந்தைவேலு ஞாயிறுதோறும் வீட்டுக்கே வந்து, மீசையை ஒதுக்கிவிட்டு, பற்களை அரம் போட்டு ராவிக் கொடுத்தான். பேக்கரியில் கண்ணாடித் தம்ளர் பல்லில் பட்டு உடைந்ததால் அவருக்கென்று ஒரு சொம்பு ஒதுக்கினார்கள். கோயில் கமிட்டி கூடுகிற இடத்தில், பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகுப்பக்கத்தை வட்டமாக அறுத்து, வால் உறுத்தாமல் வெளியே தொங்குவதற்கு வழி செய்தார்கள். கல்யாண வீடுகளில் போட்டோ எடுக்கிறவன், "அண்ணா, வாலைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கங்க" என்பான், அவரும் இழுத்துக்கொள்வார். விளையாட்டில் ஓடிவந்த குழந்தைகள் வாலை மிதித்துவிட்டால், தாய்மார் முதுகில் ஒன்று வைத்து, "பெரியவங்க வாலை மிதிக்கலாமா, தொட்டுக் கும்புட்டுக்க" என்றார்கள்.

ஒரே ஒரு சொல்லைத்தான் ஊர் அவர் பக்கம் கொண்டுபோகவில்லை. மற்றபடி அந்தச் சொல்லும் அதன் பங்காளிச் சொற்களும் ஊர் முழுக்கப் புழங்கிக்கொண்டுதான் இருந்தன. தேர்த்திருவிழாவுக்கு வந்தது ராட்சத ராட்டினம். அளவுக்கு மீறிக் காய்த்த பூசணி ராட்சசக் காய். பந்தியில் மூன்றாம் முறை சோறு கேட்டவன் பகாசுரன். ஐப்பசியில் பெய்தது பேய் மழை, பள்ளிக்கூடத்தில் எறும்பைப் பெரிதாக்கிக் காட்டியது பூதக்கண்ணாடி, சீட்டுக் கம்பெனிக்காரன் சுவரில் எழுதி வைத்தது அசுர வளர்ச்சி. மாமியாருக்கு மருமகள் ராட்சசி, மருமகளுக்கு மாமியார் ராட்சசி, புதிதாகக் கல்யாணம் ஆனவன் பெண்டாட்டியின் காதோரம் குனிந்து சொல்வதும் ராட்சசி. மகள் மிருதுளா நடை பழகிய காலத்தில், அப்பன் மாரில் ஏறி நின்று மீசையைப் பிடித்து இழுக்கும்போது பொங்கியண்ணன்கூட, "என்ற ராட்சசி, என்ற ராட்சசி" என்றுதான் கொஞ்சிச் சிரிப்பார். அப்படி உள்ளூரில் எல்லாருக்கும் எல்லாவற்றுக்கும் தாராளமாகச் செலவான சொல், பல்லும் வாலும் செதிலுமாக அதற்கென்றே பிறந்தவன்போல ஒருவன் தெருவில் நடந்து போகும்போது மட்டும் எல்லார் வாயிலும் வற்றிப்போனது. "அண்ணனுக்கு ஒடம்பு ஒரு மாதிரியா இருக்குது" என்றார்கள். அவ்வளவுதான்.

ஏனென்றால் அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

மற்றது என்னவென்று ஊருக்குத் தெரியும். மிருதுளா டவுன் காலேஜில் கூடப் படித்த ஜெயசீலனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். ஜெயசீலன் நல்ல பையன், ஆனால் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பையன். பொங்கியண்ணன் சத்தம் போடவில்லை, அடிக்கவில்லை. மயிலாத்தாளை அவள் ஒன்றுவிட்ட அக்கா வீட்டுக் காதுகுத்துக்குப் பஸ் ஏற்றிவிட்டார். பிறகு, "வா கண்ணு, தோட்டத்துப் பக்கம் போயிப் பொறுமையாப் பேசலாம்" என்று மகளை வண்டியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனார். காதுகுத்து விருந்து சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு மயிலாத்தாள் திரும்பி வந்தபோது மகள் சாம்பலாகியிருந்தாள். "வயித்து வலி தாங்காம மருந்தைக் குடிச்சிருச்சாம்" என்று பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். விசாரிக்க வந்த போலீஸ்காரர் திருப்தியாக ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு, "அப்படித்தானுங்களேம்மா?" என்று கேட்டார். மயிலாத்தாள் தலையை ஆட்டினாள். மேலும் கீழுமாக ஆட்டினாள். அந்த ஆட்டம் அதற்குப் பிறகும் நிற்காமல் அவள் கழுத்துக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தது.

இப்போது அவள் வேலை செதில் பொறுக்குவது. மெத்தையில், சட்டையில், குளியலறை மூலையில், சோற்றுப் போசியில், எங்கு கை வைத்தாலும் நகம் அளவுக்கு ஈரச் செதில்கள் ஒட்டிக்கொண்டு வந்தன. வால் போன வழியெல்லாம் நத்தை போன தடம்போல ஒரு பிசுபிசுப்பு. தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சி புளித்துப்போனால் வருகிற நாற்றம். சாம்பிராணி போட்டாள், பினாயில் ஊற்றினாள். நாற்றம் அதற்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. சாப்பிடும்போது கோரைப்பல் இடுக்கில் கறி நார் சிக்கிக்கொள்ளும். அவர் சின்னக் குழந்தைபோல வாயைத் திறந்து காட்டுவார். அவள் ஊக்கை எடுத்து அதை நோண்டி எடுப்பாள். "கொழம்புல உப்பு ஒரு கல்லு கம்மி மயிலா" என்பார், தன்மையாக. அவளுக்குக் குமட்டியது பல்லைப் பார்த்து அல்ல, வாலைப் பார்த்தும் அல்ல. அவர் படுத்ததும் தூங்கிவிடுவார். குறட்டை விட்டு, ஒரு கனவும் இல்லாமல், விடிய விடியத் தூங்குவார். அதைப் பார்த்துத்தான்.

முதலில் வந்தவன் பேக்கரி சென்னியப்பன். பிளஸ் டூ படிக்கிற மகளின் தலையணைக்கடியில் செல்போன் இருந்ததாம். மகளை முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நடுவாசலில் நிறுத்தி, "ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்கண்ணா, சும்மா ஒருக்காப் பாத்துட்டுப் போகட்டும்" என்றான். பொங்கியண்ணன் அரைக்கண் மூடி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். பெண் வாலைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள், சுவரில் மாலை போட்டுத் தொங்கிய மிருதுளாவின் படத்தைப் பார்த்தாள். அன்றைக்கே போனைக் கிணற்றில் போட்டுவிட்டாளாம். சென்னியப்பன் மறுநாள் ஒரு தட்டில் வாழைப்பழமும் தேங்காய் பன்னும் கொண்டுவந்து வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கூட்டம் வந்தது. உள்ளூர்க்காரர்கள் வந்தார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் வந்தார்கள், காரில் வந்தார்கள், வேன் பிடித்து ஒறம்பரை சொந்தத்தோடு வந்தார்கள். வாசலில் தகரப் பந்தல் போட்டு, மேடை கட்டி, முதுகு அறுத்த நாற்காலியைத் தூக்கி மேலே வைத்து, அதற்குக் கதம்ப மாலை சாத்தினார்கள். அப்பன்மார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அம்மாமார் மகள்களின் மணிக்கட்டைப் பிடித்து வாலின் மேல் வைத்து அழுத்தினார்கள். கீழே உதிர்ந்த செதிலை மஞ்சள் துணியில் முடிந்து பெண்களின் கையில் கட்டினார்கள். ஏதாவது ஒரு பெண் அழுதால் வால் மெல்ல அசையும். அசைந்தால் நல்ல சகுனம் என்று பூசாரி சொன்னார். பிசுபிசுப்பும் குங்குமமும் கலந்து மேடையிலிருந்து வழிந்து, வாசல் கோலத்தை நனைத்து, சாக்கடைக்குப் போயிற்று. வெள்ளிக்கிழமை சாயந்தரமெல்லாம் மயிலாத்தாள் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு சீமாறும் வாளியுமாக அதைத் தேய்த்துக் கழுவினாள். பந்தலிலிருந்து இறங்கிப் போகும் தாய்மாரில் ஒருத்தியாவது அவள் முகத்தை ஏறிட்டுப் பார்ப்பாளா என்று பார்ப்பாள். எல்லாரும் நல்லபடியாகச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் தம்பி துரைசாமி வந்தான், மகள் ரேணுகாவைக் கூட்டிக்கொண்டு.

ரேணுகா நர்ஸிங் படிப்பை முடித்துவிட்டு டவுனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். மூன்றாம் மனிதர் யாரோ அவளை எவனோடோ பஸ் ஸ்டாண்டில் பார்த்ததாகச் சொல்லி, வேலையை நிறுத்திவிட்டார்கள். துரைசாமி அவள் கையைப் பிடித்து வாலின் மேல் வைத்தான். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை. அழவுமில்லை. வால் அசையவேயில்லை. இறங்கி நேராக அடுப்படிக்கு வந்து, தொட்டியில் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவினாள், விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று, ஆஸ்பத்திரியில் கழுவுவதுபோல.

"பயந்துட்டியா கண்ணு?" என்றாள் மயிலாத்தாள்.

"பயமில்லீங்க அத்தை. அருவருப்பா இருக்குது." குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள். "மாமாவைப் பாத்து இல்லீங்க. எங்கப்பனைப் பாத்து. ஒரு வாரமா கண்ணாடி முன்னால நின்னு கன்னத்தை இழுத்து இழுத்துப் பாக்கறாரு. கடைவாய்ல முளைக்குது போல. அதை நாக்குல தொட்டுத் தொட்டுப் பாத்துச் சிரிச்சுக்கறாருங்க அத்தை."

மயிலாத்தாள் மோரைக் கலக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பந்தலில் கூட்டம் கலைந்திருந்தது. துரைசாமி மேடையோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்க, பொங்கியண்ணன் குனிந்து அவனிடம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார், தறிக்கு எந்த நூல் வாங்கலாம் என்று யோசனை சொல்கிற அதே குரலில்.

"மொதல்ல அவங்கம்மாளை எங்கியாச்சும் ஒரு விசேசத்துக்கு அனுப்பிரு. ஊட்டுல பொம்பளைங்க இருந்தா ஆகாது. பொறவு தோட்டத்துக்குக் கூட்டிட்டுப் போ. சத்தம் போடாத. பேசிக்கிட்டே போனா அதும்பாட்டுக்குக் கூட வந்துரும்."

"செரீங்க மாமா" என்றான் துரைசாமி. அக்காவின் கையிலிருந்து மோரை வாங்கி, "மோரு நல்லா இருக்குதுக்கா" என்றான். குடிக்கும்போது சொம்பின் விளிம்பில் ஏதோ 'ணங்' என்று இடித்தது.

அடுத்த நாள் காலையில் மயிலாத்தாள் செருப்பைப் போட்டுக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள். வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டே போனாள். இன்ஸ்பெக்டர் புதிதாக மாற்றலாகி வந்தவர், மரியாதையானவர், நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"என்ற ஊட்டுக்காரரு ஒரு ராட்சசனுங்க" என்றாள். ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர்களெல்லாம் பேனாவை நிறுத்தினார்கள். "பெத்த புள்ளையக் கொன்னுட்டாரு. இப்ப என்ற தம்பிக்குச் சொல்லிக் குடுத்துட்டிருக்காரு."

இன்ஸ்பெக்டர் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெதுவாகத் தெளிந்தது. மாதக்கணக்கில் தேடிய சாவியை யாரோ எடுத்துக் கொடுத்ததுபோல இருந்தது அந்தத் தெளிவு.

"நீங்களே சொல்லிட்டீங்கம்மா. ராட்சசன். நானும் பார்த்தேன், வால், பல்லு எல்லாம் இருக்கு. மனுசன் செஞ்சா கொலை. காட்டுல புலி அடிச்சா புலி மேல கேஸ் போட முடியுமா? இது அந்த மாதிரிதானே. சட்டத்துல இதுக்கு எடமில்லையேம்மா." எழுந்து வந்து அவளை வாசல் வரை வழியனுப்பினார். "மனசைத் தேத்திக்கங்க. கோயில்ல ஏதாவது பரிகாரம் இருந்தா செய்யுங்க."

அவள் வீடு வந்து சேர்வதற்குள் சொல் ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டது. இவ்வளவு நாளும் தொண்டையில் முள்ளாக நின்றது எல்லாருக்கும் ஒரேயடியாக இறங்கிவிட்டது. தெருக்குழாயில், ரேஷன் கடையில், தறிக்கொட்டகையில் ஊரே அதைச் சொல்லிச் சொல்லி வாய் இனித்தது. "ராட்சசன் பூந்துட்டான், பாவம், அவரா செஞ்சாரு?" என்றார்கள். "பெத்த அப்பன் செய்வானா? உள்ள பூந்ததுதான் செஞ்சிருக்கும்" என்றார்கள். "ராட்சசனுக்கும் வரம் குடுத்தது சாமிதானே" என்றார் பூசாரி. சாயந்தரத்துக்குள் பந்தல் முகப்பில் பிளெக்ஸ் கட்டிவிட்டார்கள். மீசையை முறுக்கிய பொங்கியண்ணன், பின்னால் தீ, கீழே கொட்டை எழுத்தில், 'எங்கள் மண்ணின் அரக்கரே வருக'. ஓரத்தில் வரிசையாக அப்பன்மாரின் சின்னச் சின்னப் படங்கள். கடைசிப் படம் துரைசாமி, கன்னம் உப்பிய சிரிப்போடு.

பொங்கியண்ணன் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மயிலாத்தாளைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

"நீதான் மயிலா சரியாச் சொன்ன. இந்த ஊருக்குச் சொல்லத் தெரியாம இருந்துச்சு. நான் எங்க செஞ்சேன்? என்ற கையா அது?" வாலைத் தூக்கி முன்னால் கொண்டுவந்து, தடவிக் காட்டினார். "இதுதான் செஞ்சுது."

செய்தபோது வால் இல்லை. வால் பிறகுதான் வந்தது. போர்த்திக்கொள்ளப் போர்வை கேட்டவனுக்குத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தாள். அன்று இரவெல்லாம் குறட்டையைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

விடிந்ததும் புழக்கடையில் பெரிய அண்டாவை ஏற்றித் தண்ணீர் காய வைத்தாள். தேய்த்துக் குளிக்கிற அரப்புப் பொடியைக் குழைத்தாள். தேங்காய் நாரும் செங்கல் துண்டும் எடுத்து வைத்தாள். தென்னை ஓலை வெட்டுகிற கொடுவாளைக் கல்லில் தீட்டி, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் சாத்தினாள்.

"ஏனுங்க, தண்ணி காஞ்சிருச்சு. வாங்க, வாத்து உடறேன்."

பிளெக்ஸைப் பார்க்க வருகிற கூட்டத்துக்காகக் குளிப்பாட்டுகிறாள் என்று நினைத்து அவர் சந்தோசமாக வந்து கல்லில் உட்கார்ந்தார். அவள் ஒரு செம்பு ஊற்றினாள், அரப்பைப் பூசினாள், தோளில் செங்கல்லை வைத்து, மீன் செதில் உரசுவதுபோல அடியிலிருந்து மேலாக இழுத்தாள். செதில்கள் கொத்துக் கொத்தாகக் கழன்று கல்லில் விழுந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் மஞ்சளாக ஒரு சளி, நூல் நூலாக. மூச்சைப் பிடித்துக்கொண்டு உரசினாள். குமட்டல் வந்தபோது அந்தப் பக்கம் துப்பிவிட்டு மறுபடி உரசினாள். செதிலுக்குக் கீழே, ஈரத்தில் ஊறி வெளுத்த சாதாரணத் தோல் வந்தது. புஜத்தில் அம்மைத் தழும்பு. முதுகில் ஒரு மரு. இடுப்பில் அரைஞாண் கயிறு அழுந்திய கறுப்பு வளையம்.

"மெல்ல, மெல்ல. வலிக்குது."

"மனுசத் தோலுங்க. வலிக்கத்தான் செய்யும்."

அவருக்கு அப்போதுதான் புரிந்தது. எழப் பார்த்தார். அவள் ஒரு கையால் தோளை அழுத்திக்கொண்டு, மறு கையால் அடுத்த செம்பை ஊற்றினாள். கோரைப்பல்லைப் பிடித்து அசைத்தாள். ஈறில் வேரே இல்லாமல், சோளக்கருதிலிருந்து மணி உதிர்வதுபோல இரண்டும் கையோடு வந்துவிட்டன. கடைசியாகக் கொடுவாளை எடுத்தாள். ஒரே வெட்டு. ரத்தம் வரவில்லை. புளித்த கஞ்சிதான் கொளகொளவென்று வந்து கல்லில் பரவியது. வால் கொஞ்ச நேரம் துள்ளிவிட்டு அடங்கியது.

கல்லின் மேல் உட்கார்ந்திருந்தவர் தொந்தி சரிந்த, முழங்கால் முட்டி தேய்ந்த, ஐம்பது தாண்டிய ஓர் ஆள். இரண்டு கையாலும் மாரை மூடிக்கொண்டார்.

"மயிலா, இப்படி என்னை வெளிய கூட்டிட்டுப் போகாத. அப்படியே இருந்துக்கறன். உன்ற காலைப் புடிக்கறன்."

"ஏனுங்க?"

"அதுவா இருந்தாத் தூக்கம் வருது. இப்ப..." அவர் வெட்டுப்பட்டுக் கிடந்த வாலைப் பார்த்தார். "இப்ப எல்லாம் தெரியுது."

"என்ன தெரியுது?"

"தோட்டத்துச் சாளை ஊட்டுக்குள்ள கதவைச் சாத்துனதும் அவளுக்குத் தெரிஞ்சு போச்சு. அப்பா, நான் அவனைக் கட்டிக்கலை, வேண்டாமுன்னா. காலைக் கட்டிக்கிட்டா. செரின்னு சொல்லிட்டா, மயிலா. செரின்னு சொன்னதுக்கு அப்பறமும்..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. குரல் உடைந்து, மூக்கு ஒழுகி, வாய் கோணி அழுதார், எல்லா மனிதரும் அழுகிற அதே அசிங்கமான கோணலில்.

மயிலாத்தாள் கையில் செம்போடு நின்றாள். அந்த அழுகையின் மேல் அவளுக்கு இரக்கம் வருமென்று பயந்தாள். வரவில்லை. மிச்சமிருந்த தண்ணீரைத் தலையோடு ஊற்றி, துண்டை எடுத்துத் துவட்டிவிட்டாள்.

"நீங்க மனுசன்தானுங்க. நான் நேத்துச் சொன்னது தப்பு. மனுசன்தான் செஞ்சீங்க. நானும் மனுசிதான், தெரிஞ்சுக்கிட்டே தலையாட்டுனேன். அதையும் சொல்லத்தான் வாரேன். எந்திரிங்க."

வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் எடுத்துக் கொடுத்தாள். தலை சீவிவிட்டாள். பத்து மணி வெயிலில் இருவரும் தெருவில் இறங்கினார்கள்.

செம்மாண்டம்பாளையம் அன்றைக்குத்தான் ஆச்சரியப்பட்டது. தறிக்கொட்டகைகள் ஒவ்வொன்றாக நின்றன. பேக்கரி வாசலில் நின்றவர்கள் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனார்கள். முடிதிருத்தகத்தில் குழந்தைவேலு கத்தியைக் கீழே போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். மகளின் கையைப் பிடித்து வாலின் மேல் அழுத்திய தாய் ஒருத்தி, இப்போது எதிரே வந்த இந்த வெறும் ஆளைக் கண்டதும், "பாக்காத, பாக்காத" என்று அதே மகளின் கண்ணைப் பொத்திக்கொண்டு சந்துக்குள் ஓடினாள். கதவுகள் சாத்தின, சன்னல்கள் சாத்தின. பல்லும் வாலுமாக அவர் வந்தபோது கும்பிட்டவர்களுக்கு, வெள்ளை வேட்டியில், தலை சீவி, செருப்புப் போட்டுக்கொண்டு, தங்களைப்போலவே நடந்து வருகிறவனைப் பார்க்கக் கண் கூசியது. பொங்கியண்ணன் தலையைத் தூக்கவேயில்லை. தெரு முழுக்க அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது.

தெருக்கோடியில் துரைசாமி தன் வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள்ளே அவன் பெண்டாட்டி எங்கோ விசேசத்துக்குக் கிளம்பப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். மாமனைப் பார்த்ததும் அவன் கை தானாகப் போய் வாயைப் பொத்திக்கொண்டது. அவன் கைக்குக் கீழே குனிந்து ரேணுகா வெளியே வந்தாள். அவளைக் கூப்பிட வேண்டுமென்றால் அவன் வாயைத் திறக்க வேண்டும். நேற்றுவரை அவனுக்குப் பெருமையாக இருந்த கடைவாயை, இந்த வெயிலில், இந்த ஆளுக்கு எதிரில் திறக்க அவனால் ஆகவில்லை. அவள் அத்தைக்குப் பின்னால் நடந்தாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எழுந்து மேசையைச் சுற்றி வந்து பொங்கியண்ணனின் முதுகுப்பக்கத்தை எட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

"இது யாரும்மா?"

"இவருதானுங்க. பாத்துக்கங்க. மனுசன்."

இன்ஸ்பெக்டர் மின்விசிறியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பார்க்க வேறொன்றும் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். பேரைக் கேட்டார். பொங்கியண்ணன் பேரைச் சொன்னார், அப்பன் பேரைச் சொன்னார், பிறகு யாரும் கேட்காமலே கதவைச் சாத்திய இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அவர் முடித்ததும் மயிலாத்தாள் தன் தலையாட்டலைச் சொன்னாள். அவள் முடித்ததும் ரேணுகா முன்னால் வந்து, "எங்கப்பா என்னையத் தோட்டத்துக்குக் கூப்புட்டிருக்காருங்க. எனக்கு வயசு இருபத்திமூணு. நான் எங்கத்தைகூட இருந்துக்கறேன். இதையும் எழுதிக்கங்க சார்" என்றாள். மத்தியானத்துக்குள் துரைசாமியை அழைத்துவர இரண்டு போலீஸ்காரர்கள் போனார்கள்.

பொங்கியண்ணனை ஸ்டேஷனில் விட்டுவிட்டு அத்தையும் மருமகளும் வீடு திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. தெருவில் யாருமில்லை. பந்தல் முகப்பில் பிளெக்ஸைக் காணோம். அப்பன்மாரின் படங்களை மட்டும் கத்தரித்து எடுத்துக்கொண்டு மீதியைச் சாக்கடையில் போட்டிருந்தார்கள். மயிலாத்தாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போனாள்; அந்தக் கருமத்தைக் குழி வெட்டிப் புதைத்துவிட்டுத்தான் மறுவேலை என்று போனாள்.

துவைக்கிற கல் காலியாக இருந்தது.

வால் இல்லை. செதில் ஒன்றுகூட இல்லை. கல்லிடுக்கில் ஒட்டியிருந்ததைக்கூட நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். பல் இரண்டும் இல்லை. மஞ்சள் கஞ்சியைத் துணியில் ஒற்றி எடுத்த அடையாளம் தெரிந்தது. மதில் மேலிருந்து கண்ணாடித் துண்டுகள் ஒரு பக்கம் பெயர்ந்து கிடந்தன. அங்கிருந்து பிசுபிசுப்பாக ஒரு தடம், எதையோ அவசரமாகப் பங்கு போட்டுக்கொண்டு போன தடம், சந்து வழியாகத் தெருவுக்கு இறங்கி, தெருவில் இரண்டாகி, நாலாகி, பேக்கரிக்கும் கோயிலுக்கும் மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் கிளைத்து, ஒவ்வொரு வாசல்படியாக ஏறி, சாத்திய கதவுகளுக்கு அடியில் போய் மறைந்தது.

மயிலாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு, காதுகுத்து விருந்து சாப்பிட்ட நாளிலிருந்து உள்ளே தங்கியிருந்ததெல்லாம் வெளியே வருவதுபோல வாந்தி எடுத்தாள். ரேணுகா அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். முடிந்ததும் வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தாள்.

"போயிரலாமுங்களா அத்தை, இந்த ஊரை உட்டுட்டு?"

மயிலாத்தாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்து, ஒரு பெண்பிள்ளையின் கண் மட்டும் தெரிந்து, மறுபடி சாத்திக்கொண்டது.

"புள்ளைக உள்ள இருக்குதுகளே" என்றாள்.

வாளியில் தண்ணீர் பிடித்தாள். பினாயிலைச் சாய்த்து ஊற்றினாள். சீமாறை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, எதிர்வீட்டு வாசல்படியில் ஏறி, அந்தத் தடம் உள்ளே நுழைந்த இடத்தில் தண்ணீரை வாரி அடித்து, சீமாற்றின் அடிக்கட்டையால் கதவை ஓங்கித் தட்டினாள்.

"தொறங்க" என்றாள். "உள்ள கழுவோணும்."